சாந்தி ஓடிய 800 மீட்டர்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கண்ணை ஒருமுறை இமைத்துப் பாருங்கள். அந்த நேரத்துக்குள் 0.03 வினாடி என்பது மூன்று தடவையாவது வந்து போயிருக்கும். 2006 டிசம்பரில் கத்தார் நாட்டின் தோஹாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தில் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2 நிமிடம் 3.16 வினாடியில் எல்லைக்கோட்டைக் கடந்தார். கஜகஸ்தான் வீராங்கனை விக்டோரியா யலோவ்ட்சேவா கடந்தது 2 நிமிடம் 3.19 வினாடியில். வித்தியாசம் அந்த 0.03 தான். பஹ்ரைனுக்காக ஓடிய மரியம் யூசுப் ஜமாலுக்குத் தங்கம், சாந்திக்கு வெள்ளி.

அந்த வெள்ளி இன்று சாந்தியிடம் இல்லை.

அது நடந்தபோது எனக்கு இரண்டு வயது. அதனால் எனக்கு நினைவு எதுவும் கிடையாது. எனக்கு இந்தக் கதை தெரிய வந்ததே மகளிர் தின விழாவால்தான். எங்கள் பி.காம். வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு சாதனைப் பெண்ணைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றார்கள். நான் கையைத் தூக்குவதற்குள் கல்பனா சாவ்லா, அன்னை தெரசா, பி.டி.உஷா எல்லோரையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சரி, தமிழ்நாட்டு ஓட்டக்காரர் யாராவது இருக்கிறாரா பார்ப்போம் என்று தேடியபோது சாந்தியின் பெயர் கிடைத்தது. அன்று ராத்திரி ஒரு மணி வரை படித்தேன். ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாத கதை. நான் மேடையில் சொதப்பியது தனிக்கதை. சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதிவிடுகிறேன்.

புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சி என்ற கிராமம். 1981ல் பிறந்தவர் சாந்தி. தலித் குடும்பம். அப்பா அம்மா இருவரும் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போய்விடுவார்கள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது மூத்தவரான சாந்தியின் பொறுப்பு. குடிசை வீடு, கரண்ட் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. தாத்தா ஓட்டக்காரர். குடிசைக்கு வெளியே இருந்த மண் தரையில் பேத்திக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது அவர்தான். பதிமூன்று வயதில் ஒரு ஜோடி ஷூவும் வாங்கிக் கொடுத்தார். எட்டாம் வகுப்பில் முதல் போட்டி, பரிசு ஒரு தகரக் கோப்பை. அப்புறம் அந்தக் கோப்பைகள் வரிசையாகச் சேர்ந்தன. ஒரு பள்ளியின் விளையாட்டுப் பயிற்சியாளர் இவர் ஓடுவதைப் பார்த்துத் தங்கள் பள்ளிக்கு அழைத்துக்கொண்டார். பீஸ், யூனிபார்ம், மதியச் சாப்பாடு எல்லாம் பள்ளியே கொடுத்தது. ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பிட்டதே அங்கு போன பிறகுதான் என்று படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நாமெல்லாம் ஹாஸ்டல் சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறோம்!

அங்கிருந்து கல்லூரி, தேசியப் போட்டிகள். 2005ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. அடுத்த வருஷம் தோஹா.

தோஹாவில் ஓடி முடித்த பிறகு அவரை ஒரு சோதனைக்கு அழைத்தார்கள். ஊக்கமருந்து சோதனை அல்ல. 'நீ பெண்தானா' என்கிற சோதனை. டாக்டர்கள் பரிசோதித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எதற்காக என்று அவருக்குப் புரியும் மொழியில் யாரும் விளக்கவில்லை. அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். சில நாட்களில் செய்தி வந்தது, அதுவும் டிவியில். பாலினச் சோதனையில் தோற்றுவிட்டார், பதக்கம் பறிப்பு என்று ஊரே பார்க்கிற செய்தியில்தான் சாந்தியும் தன்னைப் பற்றித் தெரிந்துகொண்டார்.

அந்த மருத்துவ அறிக்கையில் என்ன இருந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. தேடினால் கிடைக்கும், அதுதான் பிரச்சினையே. ஒரு மனுஷியின் உடம்பைப் பற்றிய ரகசியக் காகிதம் பேப்பரில் வந்தது, டீக்கடையில் அலசப்பட்டது. நானும் சேர்ந்து அலச வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு நிமிடம் சாந்தியை விட்டுவிட்டு அந்த 800 மீட்டரைப் பார்ப்போம். ஏனென்றால் பெண்களின் விளையாட்டு வரலாற்றில் இந்த ஒரு ஓட்டம் பட்ட பாடு வேறு எந்த ஓட்டமும் பட்டிருக்காது.

நவீன ஒலிம்பிக் ஆரம்பித்தபோது தடகளத்தில் பெண்களுக்கு இடமே கிடையாது. பிரான்ஸ் நாட்டில் ஆலிஸ் மிலியா என்று ஒரு அம்மையார். 'நீங்கள் சேர்க்காவிட்டால் நாங்களே நடத்திக்கொள்கிறோம்' என்று 1921ல் பெண்களுக்கு ஒரு உலக விளையாட்டுச் சங்கத்தை உருவாக்கி, 1922ல் பாரிசில் போட்டியும் நடத்திவிட்டார். கூட்டம் குவிந்தது. இதைப் பார்த்த பிறகு ஒலிம்பிக் சங்கம் இறங்கி வந்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஐந்தே ஐந்து தடகளப் பிரிவுகள். அதில் ஒன்று 800 மீட்டர்.

ஆகஸ்ட் 2ம் தேதி இறுதி ஓட்டம். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். ஜப்பானின் கினுயே ஹிட்டோமி வெள்ளி. ஓடியவர்கள் ஒன்பது பேர், ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஆனால் மறுநாள் பத்திரிகைகள் எழுதியது வேறு. பதினோரு பரிதாபப் பெண்கள் ஓடினார்கள், ஐந்து பேர் பாதியில் நின்றுவிட்டார்கள், மற்றவர்கள் மயங்கி விழுந்தார்கள் என்று கூட ஒரு நிருபர் எழுதினார். ஓடாத இரண்டு பேரையும் சேர்த்து எழுதியிருக்கிறார், பாருங்கள்! ஓடி முடித்ததும் புல்தரையில் சாய்ந்து மூச்சு வாங்குவது எந்த ஓட்டக்காரரும் செய்வதுதான். ஆண்கள் சாய்ந்தால் அது வீரம், பெண்கள் சாய்ந்தால் அது பலவீனம்.

விளைவு என்ன? பெண்களின் உடம்பு இவ்வளவு தூரத்தைத் தாங்காது என்று 800 மீட்டரை ஒலிம்பிக்கில் இருந்து தூக்கிவிட்டார்கள். மறுபடி வந்தது 1960 ரோம் ஒலிம்பிக்கில். 32 வருஷம்! எத்தனை பேர் ஓட ஆசைப்பட்டு, வயதாகி, பேரப்பிள்ளையும் எடுத்திருப்பார்கள். ரோமில் சோவியத் வீராங்கனை லுட்மிலா ஷெவ்சோவா 2 நிமிடம் 4.3 வினாடியில் தங்கம் வென்றார். கத்தக்குறிச்சி சாந்தி தோஹாவில் ஓடியது அதைவிட ஒரு வினாடிக்கும் மேல் வேகம் என்பதைச் சும்மா குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஓட விட்டார்கள். பெண்கள் வேகமாகவும் ஓட ஆரம்பித்தார்கள். உடனே அடுத்த சந்தேகம் கிளம்பிவிட்டது. இவ்வளவு வேகமாக ஓடுகிறாளே, இவள் பெண்தானா?

1966ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஐரோப்பியத் தடகளப் போட்டி. அங்கே வந்த வீராங்கனைகள் டாக்டர்கள் முன்னால் ஆடையில்லாமல் நடந்து காட்ட வேண்டியிருந்தது. நாட்டுக்காக ஓட வந்தவர்களைச் சந்தையில் மாடு பார்ப்பது போலப் பார்த்திருக்கிறார்கள். இதற்கு எதிர்ப்பு கிளம்பவே, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கன்னத்தின் உள்பக்கம் சுரண்டி எடுத்து குரோமோசோம் பார்க்கும் சோதனைக்கு மாறினார்கள். தேறியவர்களுக்கு 'இவர் பெண்' என்று சான்றிதழ். போட்டிக்குப் போகும்போது ஷூவோடு இதையும் எடுத்துப் போக வேண்டும்.

அந்தச் சான்றிதழை ஒரு தடவை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனவர்தான் ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்டக்காரி மரியா ஹோசே மார்ட்டினெஸ் பத்தீன்யோ. 1985ல் ஜப்பானின் கோபே நகரில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டு. சான்றிதழ் இல்லாததால் மறுபடி சோதனை. இந்த முறை குரோமோசோம் ஆணுக்கு உரியது என்று வந்தது. காலில் அடிபட்டது மாதிரி நடித்து விலகிவிடு என்று சொன்னார்கள், விலகினார். அடுத்த வருஷம் தேசியப் போட்டிக்கும் வராதே என்றார்கள். அவர் போனார், ஓடினார், ஜெயித்தார். உடனே விஷயம் பத்திரிகைக்குப் போய்விட்டது. உதவித்தொகை போயிற்று, விளையாட்டு விடுதியில் இடம் போயிற்று, சாதனைகளை அழித்தார்கள், கல்யாணம் நிச்சயமான பையனும் போய்விட்டார்.

ஆனால் இந்தப் பெண் ஒளிந்துகொள்ளவில்லை. டாக்டர்களைத் தேடிப் போனார். அவர் உடம்பு ஆண் ஹார்மோனை ஏற்றுக்கொள்வதே இல்லை, அதனால் அவருக்கு அதனால் ஓட்டத்தில் எந்த லாபமும் இல்லை என்று நிரூபித்தார். 1988ல் மறுபடி ஓட அனுமதி கிடைத்தது. ஆனால் மூன்று வருஷம் வீணாகிவிட்டது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் தகுதி நேரத்தை வெறும் 0.1 வினாடியில் தவறவிட்டார். 2005ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் தன் கதையைத் தன் பெயரிலேயே எழுதினார்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் எட்டுப் பெண்கள் இந்தச் சோதனையில் தேறவில்லை. விசாரித்துப் பார்த்து எட்டுப் பேரையும் ஓட அனுமதித்தார்கள். அப்புறம் சோதனை எதற்கு என்று அவர்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். 1999ல் எல்லோரையும் சோதிக்கும் முறையை ஒலிம்பிக் சங்கம் நிறுத்திவிட்டது. ஆனால் ஒரு கதவைத் திறந்தே வைத்தார்கள். 'சந்தேகம்' வந்தால் சோதிக்கலாம். அந்தக் கதவு வழியாகத்தான் 2006ல் சாந்தியை உள்ளே அழைத்தார்கள்.

சந்தேகம் யாருக்கு வரும், யாரைப் பார்த்தால் வரும்? கறுப்பாக, மெலிந்து, நெஞ்சு தட்டையாக, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு இருப்பவரைப் பார்த்தால் வரும். பவுடர் போட்டு நீளமாகப் பின்னல் போட்டிருந்தால் வராது. ஆடிட்டிங் பேப்பரில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே வவுச்சர் இல்லாமல் பதிவு கூடாது என்பதுதான். மளிகைக் கடைக் கணக்கில் நூறு ரூபாய் எழுதக் கூட ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். ஒரு பெண்ணின் வாழ்நாள் உழைப்பை 'ரைட் ஆஃப்' செய்ய யாரோ ஒருவரின் பார்வை போதுமா?

அப்போதைய முதல்வர் கருணாநிதி சாந்தியைக் கைவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பதக்கம் போனாலும் பரவாயில்லை என்று அறிவித்த 15 லட்ச ரூபாயைக் கொடுத்தார், கூடவே ஒரு டிவியும். (தன்னைப் பற்றிய செய்தியை டிவியில் பார்த்து நொந்தவருக்கு டிவி! வேண்டுமென்று செய்ததல்ல, ஆனாலும் படித்தபோது என்னவோ போல் இருந்தது.) மற்றபடி அவருக்காக மேல்முறையீடு செய்ய இந்தியாவின் எந்த விளையாட்டு அமைப்பும் முன்வரவில்லை. ஊரில் பேச்சு, சிரிப்பு. 2007ல் அவர் உயிரை விடத் துணிந்து, நல்லவேளையாகக் காப்பாற்றப்பட்டார்.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அந்தப் பரிசுப் பணத்தில் புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச ஓட்டப் பயிற்சி ஆரம்பித்தார். அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்தார்கள். 2009 சென்னை மாரத்தானில் அவருடைய மாணவர்கள் பதக்கம் வாங்கினார்கள். அரசின் ஒப்பந்தப் பயிற்சியாளர் வேலையும் கொஞ்ச காலம் பார்த்தார். சம்பளம் கட்டுப்படியாகவில்லை, வேலை நிரந்தரமும் இல்லை. 2012ல் பத்திரிகைக்காரர்கள் தேடிப் போனபோது அவர் இருந்தது செங்கல் சூளையில். ஒரு நாள் கூலி 200 ரூபாய். அம்மா அப்பா கல் சுமந்த அதே தொழில். ஆசியாவின் இரண்டாவது வேகமான 800 மீட்டர் கால்கள் சூளை மண்ணை மிதித்துக்கொண்டு இருந்தன.

செய்தி வெளியானதும்தான் டெல்லி விழித்தது. பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயப் படிப்புக்கு ஏற்பாடு செய்தார்கள், 2013ல் முடித்தார். அதற்குப் பிறகும் வேலைக்காக அலைந்து, 2016ல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் ஆனார். தோஹாவிலிருந்து பத்து வருஷம். இந்தப் போராட்டத்தில் அவர் கூடவே நின்றவர் மதுரையைச் சேர்ந்த செயல்பாட்டாளர் கோபி ஷங்கர்.

சாந்திக்குக் கிடைக்காத நியாயம் அடுத்து வந்தவருக்குக் கிடைத்தது. ஒடிசா நெசவாளர் வீட்டுப் பெண் டூட்டி சந்த். 2014ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் ஹார்மோன் அளவு அதிகம் என்று அணியில் இருந்து நீக்கினார்கள். மாத்திரை சாப்பிடு, இல்லை ஆபரேஷன் செய்துகொள், குறைந்தால் வா என்பதுதான் விதி. 'நான் எந்த மருந்தும் எடுக்கவில்லை, பிறந்தபடி இருக்கிறேன், எதற்காக மாற வேண்டும்' என்று அவர் சுவிட்சர்லாந்தில் இருக்கிற விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டார். இந்த முறை இந்திய விளையாட்டு ஆணையமும் கூட நின்றது. 2015 ஜூலையில் தீர்ப்பு. அந்த ஹார்மோனால் எவ்வளவு லாபம் என்று ஆதாரம் காட்டாததால் விதி நிறுத்திவைக்கப்பட்டது. உலகத்துப் பெண்கள் எல்லோருக்கும் பொருந்திய தீர்ப்பு, வாங்கிக் கொடுத்தது 19 வயது இந்தியப் பெண். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார், 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வாங்கினார். (பின்னாளில் ஊக்கமருந்து விவகாரத்தில் அவருக்கு நான்கு வருஷத் தடை வந்தது. அது வேறு விஷயம், ஆனால் மறைக்கக் கூடாது.)

2018ல் புது விதி வந்தது. இந்த முறை 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரை உள்ள ஓட்டங்களுக்கு மட்டும். டூட்டியின் 100 மீட்டர் தப்பியது. மாட்டியது எது? அதே 800 மீட்டர்! தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா 2009ல் 18 வயதில் உலக சாம்பியன் ஆன நாளில் இருந்து இந்தச் சந்தேகத்தைச் சுமந்தவர். அவருக்கு நாடே ஆதரவாக நின்றது. ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கான பேர் வரவேற்றார்கள். சாந்தி திரும்பியபோது நாம் என்ன செய்தோம் என்று ஒப்பிட்டுப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. புது விதியை எதிர்த்து செமன்யா போட்ட வழக்கை 2019ல் விளையாட்டு நடுவர் மன்றம் இரண்டுக்கு ஒன்று என்று தள்ளியது. அவர் விடவில்லை, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2025 ஜூலையில் அதன் பெரிய அமர்வு, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று சொன்னது. விதி மட்டும் போகவில்லை. மாறாக 2025 செப்டம்பரில் இருந்து உலகத் தடகள சங்கம் பெண்கள் பிரிவில் எல்லோருக்கும் ஒருமுறை மரபணு சோதனையைக் கட்டாயமாக்கிவிட்டது. 1968க்கே திரும்பிப் போனது போலத்தான் எனக்குப் படுகிறது.

நியாயமாக ஒரு எதிர்க்கேள்வி உண்டு. வகுப்பில் இதைப் பேசியபோது பின் பெஞ்சில் இருந்து ஒரு பையன் கேட்டான்: 'அந்த கஜகஸ்தான் பொண்ணுக்கு நியாயம் வேணாமா?' வேண்டும்தான். 0.03 வினாடியில் தோற்றவர் அவர். பெண்கள் பிரிவு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு வேலி இருந்துதான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆலிஸ் மிலியா பாடுபட்டதற்கே அர்த்தமில்லை. அந்த வேலியை எங்கே போடுவது என்று டாக்டர்களே அடித்துக்கொள்கிறார்கள், பி.காம். படிக்கும் நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் இரண்டு விஷயம் தோன்றுகிறது.

பின்லாந்தில் ஈரோ மன்ட்டிரன்டா என்று ஒரு பனிச்சறுக்கு வீரர் இருந்தார். 1964ல் இரண்டு ஒலிம்பிக் தங்கம். பிறவியிலேயே அவருடைய ரத்தத்தில் சிவப்பணுக்கள் மற்றவர்களைவிட மிக அதிகம், குடும்பத்திலேயே வருகிற மரபணு மாற்றம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். பதக்கத்தைத் திருப்பிக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. இயற்கை கொடுத்த வரம் என்றார்கள். அதே இயற்கை சாந்திக்குக் கொடுத்தது மட்டும் எப்படி மோசடி ஆகும்?

இன்னொன்று, வேலி போடுவதாகவே வைத்துக்கொள்வோம். அதை ஓட்டத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும். ரகசியமாகச் சொல்ல வேண்டும். புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். எதிர்த்துக் கேட்க ஒரு வழி வைக்க வேண்டும். ஆபீசில் ஒரு கிளார்க்கை வேலையை விட்டு எடுக்கவே மெமோ, விளக்கம், விசாரணை என்று இத்தனை நடைமுறை இருக்கிறதே, சாந்திக்கு இதில் எது நடந்தது? இதற்குப் பதில் அந்தப் பையனிடமும் இல்லை.

இந்தக் கதை என்னை இவ்வளவு பிடித்துக்கொண்டதற்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடித்தால் நேர்மையாக இருக்காது.

நான் தருமபுரி மாவட்டத்துக்காரி. எங்கள் பக்கத்தில் பிரசவ வார்டுக்கு வெளியே முதல் கேள்வி 'தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்களா' என்பதல்ல, 'என்ன குழந்தை?' என்பதுதான். அந்தக் கேள்விக்கு வந்த பதிலால் ஒரு காலத்தில் எத்தனையோ உயிர் போயிருக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001ல் எங்கள் மாவட்டத்துக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் தொட்டில் வைத்து, 'கொல்லாதீர்கள், இங்கே போட்டுவிட்டுப் போங்கள்' என்று ஒரு அரசாங்கம் கெஞ்சிய மாவட்டம். அந்த 'என்ன குழந்தை?' என்ற கேள்வியை சாந்தியிடம் 25 வயதில், உலகமே பார்க்கக் கேட்டார்கள்.

எங்கள் பள்ளியில் என்னோடு ஒருத்தி படித்தாள். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.) நல்ல உயரம், கணீர்க் குரல். ஏழாவது படிக்கும்போது விளையாட்டு விழாவில் 400 மீட்டர் ஓடினாள். மற்றவர்கள் முக்கால் சுற்றில் இருக்கும்போது இவள் முடித்துவிட்டாள். அடுத்த நாள் இருந்து வகுப்பில் ஒரே பேச்சு, 'ஆம்பளயாட்டம் ஓடுறா'. பட்டப்பெயர் வைத்தார்கள். பாத்ரூமுக்குப் போனால் 'நீ எந்தப் பக்கம்?' என்று கேட்டார்கள். கேட்டது பையன்கள் மட்டும் இல்லை. நான் கேட்கவில்லை, ஆனால் சிரித்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த வருஷம் மண்டல அளவுப் போட்டிக்குப் பெயர் கேட்டபோது அவள் எழுந்திருக்கவே இல்லை. அவளுக்கு எந்தச் சங்கமும் தடை போடவில்லை. எங்கள் வகுப்பே போட்டது.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2019ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு தீர்ப்பு சொன்னது. ஆண், பெண் என்று உடனே பிரித்துச் சொல்ல முடியாத உடற்கூறோடு சில குழந்தைகள் பிறக்கும். அப்படிப் பிறந்த பச்சைக் குழந்தையை ஏதாவது ஒரு பக்கம் சேர்ப்பதற்காகக் கத்தி வைக்கக் கூடாது, வளர்ந்து அதுவே முடிவு செய்யட்டும் என்றது. அந்தத் தீர்ப்பில் கோபி ஷங்கரின் பணியையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதே வருஷம் தமிழ்நாடு அரசு அப்படிப்பட்ட அறுவை சிகிச்சைகளுக்குத் தடை விதித்து ஆணை போட்டது. இந்தியாவில் இதைச் செய்த முதல் மாநிலம் நம்முடையது. 'என்ன குழந்தை?' என்றால் 'குழந்தை' என்று மட்டும் பதில் சொல்லவும் இப்போது சட்டத்தில் இடம் இருக்கிறது.

சாந்தியின் வெள்ளி மட்டும் திரும்பி வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். நடுவில் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கிறார்.

மகளிர் தினம் முடிந்த அந்த வாரம் என் பழைய தோழிக்குப் போன் செய்தேன். அவள் இப்போது ஒசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். சாந்தி கதையை முழுசாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். அப்புறம் அந்த ஏழாம் வகுப்பு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். 'அதெல்லாம் எப்பவோ மறந்துட்டன்டி' என்றாள். மறக்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

'ஏன்டி, 800 மீட்டர்னா எத்தன சுத்து?' என்று கேட்டாள்.

'ரெண்டு.'

'ரெண்டுதானா? நான் ஓடியிருப்பேன்டி' என்றாள். கம்பெனி பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டாள்.